சுருளேடு முதல் தொடுதிரை வரை: பட்டியல் வடிவங்களின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

மனிதன் எழுதத் தொடங்கிய காலத்தே முதன்முதலாக எழுதியவற்றுள் பட்டியலும் ஒன்றாகும். காவியமும் சட்டமும் களிமண்ணில் இடம்பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, தானியக் கணக்கும் தொழிற்பெயர் வரிசையும் அதில் இடம்பெற்றுவிட்டன. இன்று கையடக்கத் தொலைபேசியை எடுத்து விரலால் மேல்நோக்கித் தள்ளும் ஒவ்வொருவரும் படிப்பது பெரும்பாலும் பட்டியலையே. தொடர்புகொள்வோரின் பெயர்கள், வந்த செய்திகள், எடுத்த படங்கள், வாங்கவிருக்கும் பொருள்கள் ஆகிய அனைத்தும் பட்டியல்களாகவே திரையில் தோன்றுகின்றன. அப்பட்டியல் ஒற்றை நிரலாய் அமைவதா, கட்டங்களாய் அமைவதா, பக்கவாட்டில் நகர்வதா, முடிவுடையதா, முடிவற்றதா என்பன செயலியை ஆக்குவோர் எடுக்கும் முடிவுகள். இவை வெறும் அலங்காரம் பற்றியன என்ற எண்ணம் பரவலாக உண்டு. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதையும், பட்டியலின் வடிவம் எதைக் காண்கிறோம், எதனைக் காணாது விடுகிறோம் என்பதைக் காலந்தோறும் தீர்மானித்து வந்துள்ளது என்பதையும் வரலாற்று நோக்கில் எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. களிமண்ணும் சுருளும்

மெசொப்பொத்தேமியாவின் தென்பகுதியிலிருந்த ஊருக் நகரிற் கிடைத்த கி. மு. நான்காம் ஆயிரத்தாண்டின் இறுதிக்குரிய களிமண் பலகைகளுட் பெரும்பாலானவை நிர்வாகக் கணக்குகள். அவற்றோடு சொற்பட்டியல்களும் கிடைத்துள்ளன. பதவிகளையும் தொழில்களையும் வரிசைப்படுத்தும் பட்டியல் அவற்றுட் புகழ்பெற்றது. அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தர்களாற் பெரிய மாற்றமின்றிப் படியெடுக்கப்பட்டு வந்தது. இப்பலகைகளில் கோடுகள் கீறிச் சிறு அறைகள் வகுக்கப்பட்டன. ஓர் அறைக்கு ஒரு பதிவு என்பதே முறை. எனவே, பொருளுக்கு ஓர் எல்லையும் எல்லைகளுக்கு ஓர் ஒழுங்கும் வகுக்கும் வழக்கம் எழுத்தின் வயதையே தன் வயதாகக் கொண்டது எனலாம்.

எகிப்திலும் பின்னர் கிரேக்க, உரோம உலகிலும் வழங்கிய பப்பைரசுச் சுருள் வேறொரு பண்பினை உடையது. அதில் எழுத்து ஒடுங்கிய நிரல்களாகப் பக்கம் பக்கமாய் எழுதப்பட்டது. படிப்பவர் ஒரு கையால் விரித்தும் மறு கையாற் சுருட்டியும் முன்னேறுவார். நம் திரையில் இன்று மேலுங் கீழும் நிகழும் உருட்டல், அக்காலத்திற் பக்கவாட்டில் நிகழ்ந்தது. சுருளின் சிறப்பு தொடர்ச்சி. அதன் குறை இடைப்புகுதல். நடுவிலிருக்கும் ஒரு பெயரைக் காண வேண்டின் அதற்கு முன்னுள்ள அனைத்தையும் விரித்தாக வேண்டும்.

இக்குறை அலெக்சாந்திரியா நூலகத்தில் பெருஞ்சிக்கலாக வடிவெடுத்தது. கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புலவரான கலிமக்கஸ் ‘பினக்கெஸ்’ எனும் பெரும் நூற்பட்டியலைத் தொகுத்தார். அது 120 சுருள்களைக் கொண்டது என்பது பிற்கால மரபு. நூல் இன்று முழுமையாய்க் கிடைத்திலது. எஞ்சியுள்ள துணுக்குகளாலும் பிறர் குறிப்புகளாலும் அதன் அமைப்பினை அறிகின்றோம். ஆசிரியர்களை இலக்கிய வகைப்படி பகுத்து, ஒவ்வொருவரின் வாழ்க்கைக் குறிப்பையும் நூலின் தொடக்கச் சொற்களையும் வரிகளின் தொகையையும் அவர் தந்தார். ஒரு பதிவில் எவ்விவரங்கள் இடம்பெற வேண்டும் என்ற வினாவுக்கு வரலாற்றில் நாம் அறியும் தெளிவான விடைகளுள் இது முற்பட்டதொன்று.

2. புத்தகமும் அட்டையும்

கி. பி. முதல் நூற்றாண்டு தொடக்கம் நான்காம் நூற்றாண்டு வரையிலான காலப்பகுதியில் சுருளின் இடத்தை மடித்துத் தைத்த புத்தகம் படிப்படியாகக் கைப்பற்றியது. பக்கம் என்னும் எல்லையுள்ள பரப்புத் தோன்றியதும், பட்டியலைக் குறுக்காகவும் நெடுக்காகவும் ஒருங்கே படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. நான்காம் நூற்றாண்டில் செசரியாவைச் சேர்ந்த இயுசேபியஸ், நான்கு நற்செய்தி நூல்களிலும் ஒத்துவரும் பகுதிகளின் எண்களை இணை நிரல்களாக நிறுத்திப் பத்து அட்டவணைகளை அமைத்தார். ஒரே நிரையிலுள்ள எண்கள் ஒரே செய்தியைச் சுட்டின. ஒப்பிடுவதற்குக் கட்டவடிவமே ஏற்றது என்னும் உண்மை இங்கு தெளிவாகப் புலனாகின்றது. சுருளில் இவ்வமைப்பு இயலாததன்று. ஆயினும் ஒரு பார்வைக்குள் முழுமையாய் அடங்கும் பக்கமே அதற்கு இயல்பான களமாயிற்று.

பட்டியல் வரலாற்றின் அடுத்த திருப்பம் அட்டையாகும். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1791 ஆம் ஆண்டில், பறிமுதல் செய்யப்பட்ட நூல்களைப் பதிவதற்குச் சீட்டாட்ட அட்டைகளின் பின்புறத்தைப் பயன்படுத்துமாறு விதிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூலகங்களில் அட்டைப் பெட்டிகள் பரவி, அட்டையின் அளவு ஏறத்தாழ 7.5 சென்ரிமீற்றருக்கு 12.5 சென்ரிமீற்றர் என நிலைபெற்றது. அட்டையினால் விளைந்த பயன் இரண்டு. ஒன்று, புதிய பதிவை எவ்விடத்தும் செருகலாம். முழுப் பட்டியலையும் திருப்பி எழுத வேண்டியதில்லை. மற்றது, எல்லா அட்டைகளும் ஒரே அளவின ஆகையால், ஒவ்வொரு விவரமும் எங்கு இருக்கும் என்பதைக் கண் முன்கூட்டியே அறியும். இவ்விரு பண்புகளும் இன்றைய தொலைபேசித் திரையில் மீண்டும் உயிர்பெற்றிருப்பதைப் பின்னர்க் காண்போம்.

3. நிகண்டும் அகராதியும்

பட்டியலின் வடிவம் அதனைப் பயில்வோரின் புலனுக்கேற்ப அமையும் என்பதற்குத் தமிழ் மரபே சிறந்த சான்று தருகின்றது. திவாகரம் முதலாய பழைய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையாற் பகுத்தன. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் எனத் தொடங்கும் பன்னிரு தொகுதிகள் திவாகரத்தில் உள்ளன. அவை செய்யுளால் ஆனவை. மனனஞ் செய்தற்கென அமைந்தவை. சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி சொற்களை எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தின் ஒற்றுமையால், நிரைப்படுத்துகின்றது. அரி, கரி, பரி என்பன முதலெழுத்தால் வேறுபடினும் செவிக்கு ஓரினமானவை. திண்ணைப் பள்ளியில் நிகண்டை ஒப்புவித்த மாணவனுக்கு இவ்வொழுங்கு பெருந்துணை புரிந்தது. அது செவியின் பட்டியல்.

முதலெழுத்து ஒழுங்கு கண்ணுக்குரியது. 1594 ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு செய்யுளமைப்பை விடாமலே அகரவரிசையை மேற்கொண்டது. 1732 ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி செய்யுளைக் கைவிட்டு, அகரவரிசையை முழுமையாக்கியது. 1842 ஆம் ஆண்டில் சந்திரசேகர பண்டிதர் தொகுத்து வெளிவந்த யாழ்ப்பாண அகராதி, அச்சுப் பக்கத்தின் வசதிகளை ஈழத்துத் தமிழ்க் கல்விக்குக் கொணர்ந்தது. நிகண்டு குறைபாடுடையது, அகராதி மேலானது என இதற்குப் பொருள் கொள்ளுதல் தவறு. நினைவிலிருந்து மீட்போனுக்கு எதுகையும், பக்கத்தில் தேடுவோனுக்கு அகரவரிசையும் பொருத்தமாயின. ஊடகமும் புலனும் மாறியபோது ஒழுங்கும் மாறிற்று என்பதே இங்கு நாம் கருத்திற் கொள்ள வேண்டியதாகும்.

4. கணனித் திரையில் ஏறிய பட்டியல்

1978 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘விரி 100’ எனும் முனையத்தின் திரையில் 80 எழுத்துகள் கொண்ட 24 வரிகளே அடங்கின. நீண்ட பட்டியலொன்றைக் காட்டப் பணித்தால், அது கீழிருந்து மேலேறி மறைந்துவிடும். அதே ஆண்டளவில் பேர்க்கிலியில் எழுதப்பட்ட ‘மோர்’ என்னும் செய்நிரல், ஒரு திரை நிரம்பியதும் நின்று, படிப்பவர் விசையை அழுத்தும் வரை காத்திருந்தது. சுருளாய் ஓடிய எழுத்தை அது மீண்டும் பக்கமாக்கியது எனலாம்.

செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வுநிலையத்தில் 1970 களில் நடைபெற்ற ஆய்வுகளில் உருட்டுப்பட்டை உருப்பெற்றது. பட்டியலின் எப்பகுதியில் நிற்கிறோம், இன்னும் எவ்வளவு உண்டு என்பவற்றை அது படிப்பவருக்கு உணர்த்தியது. 1984 சனவரியில் வெளிவந்த மக்கின்ரொஷ் கணனியில் ஓர் உறையின் உள்ளடக்கத்தைச் சிறுபடங்களாகவும் காணலாம். பெயர், திகதி, அளவு என்பவற்றின் ஒழுங்கில் வரிவரியாகவும் காணலாம். உள்ளடக்கம் ஒன்றே, வடிவங்கள் பல. தேர்வு பயன்படுத்துவோனிடம் விடப்பட்டமை குறிப்பிடத்தக்கது. இத்தேர்வுரிமை பிற்காலத்தில் எவ்வாறு ஆக்குவோன் கைக்கு மாறியது என்பதும் சிந்தித்தற்குரியது.

5. கையடக்கத் திரையில் நிரையும் கட்டமும்

2001 ஆம் ஆண்டில் வந்த ஐபொட் இசைக்கருவி, ஆயிரம் பாடல்களின் பட்டியலை ஒரு சக்கரத்தின் சுழற்சியால் நகர்த்தியது. 2007 சனவரி 9 ஆம் நாள் அறிமுகமான ஐபோன் அச்சக்கரத்தையும் நீக்கிற்று. பட்டியலின் மீதே விரலை வைத்துத் தள்ளினால் அது ஓடும். விரலை எடுத்த பின்னும் உந்தத்தால் சற்று ஓடி, மெல்ல நிற்கும். எல்லையை அடைந்தால் இரப்பர் நாடா போல் இழுபட்டு மீளும். முடிவு வந்துவிட்டது என்பதை எழுத்தின்றி அசைவினாலேயே அறிவிக்கும் உத்தி இது.

அத்திரை 320 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் உடையது. மேலுள்ள நிலைப்பட்டைக்கு 20, தலைப்புப் பட்டைக்கு 44, கீழுள்ள தெரிவுப் பட்டைக்கு 49 எனக் கழித்தால் எஞ்சுவது 367 புள்ளி. ஒரு நிரையின் வழக்கமான உயரம், விரல் நுனி பிழையின்றித் தொடுவதற்கு ஏற்ற 44 புள்ளி. ஆகவே, எட்டு நிரைகளும் ஒன்பதாவதன் ஒரு பகுதியுமே ஒரே வேளையில் தெரியும். பாதி தெரியும் அவ்வொன்பதாம் நிரைக்கு ஒரு பயனுண்டு: கீழே இன்னும் இருக்கிறது என்பதை அது சொல்லாமற் சொல்லும். ஒளிப்படங்களுக்கோ அதே திரையில் 75 புள்ளிச் சதுரங்கள் நான்கு நிரல்களாய் வகுக்கப்பட்டன. எட்டுப் பெயர்கள் அடங்கிய இடத்தில் பதினாறு படங்கள் முழுமையாகவே அடங்கின. பார்த்த கணத்தில் அடையாளங் காணத்தக்க பொருளுக்குக் கட்டவடிவமும், படித்து அறியவேண்டிய பொருளுக்கு ஒற்றை நிரலும் என்ற பாகுபாடு இவ்வாறு இயல்பாகவே எழுந்தது.

பத்தாயிரம் பெயர்கள் கொண்ட பட்டியலைச் சிறு கருவியொன்று தடையின்றி உருட்டுவது எவ்வாறு? பத்தாயிரம் நிரைகளை அது ஆக்குவதில்லை. திரையிற் தெரியும் எட்டு ஒன்பதையும் மேலதிகமாய் ஓரிரண்டையுமே ஆக்குகின்றது. மேல்விளிம்பில் மறையும் நிரை அழிக்கப்படாது, புதிய பெயர் பொறிக்கப்பட்டுக் கீழ்விளிம்பில் மீண்டும் நுழைகின்றது. கிணற்றுத் துலாவின் ஒரே வாளி மீண்டும் மீண்டும் நீர் மொண்டு வருவதை இதற்கு உவமையாக்கலாம். ஐபோனின் ‘ரேபிள் வியூ’, அண்ட்ரொயிட்டின் ‘லிஸ்ற் வியூ’ ஆகிய இரண்டும் இம்முறையையே கையாண்டன.

ஒற்றை நிரலுக்கென அமைந்த அக்கருவிகள் நாளடைவிற் போதாதனவாயின. 2012 ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் ‘கலெக்சன் வியூ’ என்பதையும், 2014 ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் ‘ரிசைக்கிளர் வியூ’ என்பதையும் அறிமுகஞ் செய்தன. இவற்றின் சிறப்பு யாதெனில், உருப்படிகளை வழங்கும் பணியும் அவற்றை எங்கு நிறுத்துவது என முடிவுசெய்யும் பணியும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டமையாகும். வரிசை வடிவம், கட்டவடிவம், உயரங்கள் ஒவ்வாத ஏற்றவிறக்கக் கட்டவடிவம் ஆகிய மூன்றையும், பட்டியலின் பிற பகுதிகளைத் தொடாமலே ‘ரிசைக்கிளர் வியூ’வில் மாற்றிக்கொள்ளலாம். அட்டைப் பெட்டியின் தத்துவமே இங்கு மீண்டும் தோன்றுகின்றது: பதிவு வேறு, அதன் நிற்கும் இடம் வேறு.

ஏற்றவிறக்கக் கட்டவடிவம் 2010 ஆம் ஆண்டில் தோன்றிய பின்ரரஸ்ற் போன்ற படத்தொகுப்புத் தளங்களால் பெயர்பெற்றது. படங்களை வெட்டாமல் அவற்றின் இயல்பான உயரத்தோடு காட்டுதல் அதன் நன்மை. எது முதலாவது, எது அடுத்தது என்னும் ஒழுங்கு மங்குதல் அதன் விலை. அகரவரிசையோ தேதி வரிசையோ முக்கியமாகும் பட்டியலுக்கு அவ்வடிவம் தகாது. திரையை ஒலியாக்கிக் கேட்கும் பார்வையற்றவருக்கு ஒரு பொருளின் பின் ஒரு பொருளாகவே பட்டியல் சென்றடையும். வடிவம் ஒழுங்கைக் குலைக்குமிடத்து முதலில் இழப்பவர் அவரே.

6. முடிவற்ற பட்டியல்

கலிமக்கஸின் சுருளுக்கும் இயுசேபியஸின் அட்டவணைக்கும் யாழ்ப்பாண அகராதிக்கும் ஈறு இருந்தது. 2006 ஆம் ஆண்டில் ஏசா ரஸ்கின் என்பார் உருவாக்கிய முடிவற்ற உருட்டல் இந்த ஈற்றை அகற்றியது. அடியை நெருங்கும்போதே அடுத்த பகுதி தானாக வந்து சேரும். 2009 ஆம் ஆண்டில் லோரன் பிரிச்சர் ஆக்கிய ‘ருவீற்றி’ செயலியின் இரண்டாம் பதிப்பு, பட்டியலின் தலையைக் கீழிழுத்தாற் புதியன வரும் வழக்கத்தைத் தோற்றுவித்தது. இவ்வாறு பட்டியல் இரு முனையும் திறந்ததாயிற்று.

அடுத்த பக்கம் என ஒரு விசையை அழுத்த வேண்டியிருந்த காலத்தில், தொடர்வதா நிறுத்துவதா எனப் படிப்பவர் கணநேரமேனும் எண்ணினார். ‘மோர்’ செய்நிரல் காத்து நின்றதும் அந்த எண்ணத்திற்காகவே எனலாம். முடிவற்ற உருட்டலில் அத்தருணம் இல்லாது போயிற்று. மக்களின் நேரத்தை அது விழுங்கியமை குறித்து ரஸ்கினே பிற்காலத்தில் வெளிப்படையாக வருந்தினார். பட்டியலின் வடிவம் அலங்காரமன்று என்ற நம் கூற்றுக்கு ஆக்கியவரின் வருத்தத்தினும் வலிய சான்று வேண்டியதில்லை.

7. தமிழ்ப் பட்டியலின் தேவைகள்

மேற்கூறிய அளவுகள் யாவும் ஆங்கில எழுத்தை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டவை. தமிழ்ச் சொற்கள் ஒட்டுநிலையால் நீள்வன, எழுத்துகளும் அகன்றன, மேல்விலங்கும் கீழ்விலங்கும் வரியுயரத்தைக் கூட்டுவன. 75 புள்ளிக் கட்டத்தில் வாசிக்கத்தக்க அளவில் ஐந்தாறு தமிழெழுத்துகளே அடங்கும். எஞ்சியவை வெட்டப்பட்டு மூன்று புள்ளிகளாய் முடியும். கொக்குவில் கிழக்கு, கொக்குவில் மேற்கு என்னும் இரு பிரிவுகளை இத்தகைய கட்டத்திலிட்டால் இரண்டும் ‘கொக்குவில்’ என்றே நிற்கும். வேறுபடுத்தும் சொல் இத்தகைய பெயர்களில் இறுதியிலேயே வருதலின், வெட்டப்படுவது அச்சொல்லே. நிவாரணத்துக்கோ தேர்வு நிலையத்துக்கோ தம் பிரிவைத் தெரிவுசெய்யும் ஒருவர் இங்கு தவறுவாராயின், தவறு அவருடையதன்று, நிரலின் அகலத்தினுடையது. நிரையின் உயரத்தை எழுத்தின் அளவுக்கேற்ப வளரவிடும் வசதி 2014 ஆம் ஆண்டு முதல் ஐபோனிலும் எளிதாய்க் கிட்டியுள்ளது. ஆகவே, வெட்டுதலைத் தவிர்த்தல் இன்று இயலாத காரியமன்று.

இரண்டாவது, ஒழுங்கு பற்றியது. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி என்னும் பெயர்களை எழுதியவாறே அடுக்கினால், தலைப்பெழுத்தின் காரணமாக அவை அடுத்தடுத்து நிற்கும். சிவத்தம்பியைச் சகரத்தில் தேடுபவர் ஏமாறுவார். தலைப்பெழுத்து தந்தையின் பெயரைச் சுட்டுவது என்பதைச் செய்நிரல் அறிந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, விரைந்து தாவும் ஓரச்சுட்டு. ஆங்கிலப் பெயர்ப்பட்டியலின் வலவோரத்தில் 26 எழுத்துகளும் நிற்கும். ஒன்றைத் தொட்டால் அவ்விடத்துக்குப் பட்டியல் தாவும். தமிழில் 247 எழுத்துகள் உள்ளமையால் இது இயலாது என்பார் உளர். இலக்கணங் கற்றவருக்கு இத்தடை பெரிதன்று. மொழிமுதலாகும் எழுத்துகளை நன்னூல் வரையறுத்துள்ளது: உயிர் பன்னிரண்டு, உயிர்மெய் வருக்கம் பத்து. ஆக 22 இடங்களே தேவை. ஙகரத்தை நீக்கி, டகரம், ரகரம், லகரம், ஜகரம், ஸகரம், ஹகரம் என்னும் பிறமொழிச் சொன்முதல்களைச் சேர்த்தாலும் எண்ணிக்கை 27 ஐத் தாண்டாது. ஆங்கிலச் சுட்டுக்கு இடமளிக்கும் ஓரம் தமிழுக்கும் இடமளிக்கும். இலக்கண வகுப்பிற் படித்துக் கழித்துவிட்டதாக நாம் எண்ணும் ஒரு விதி, தொலைபேசித் திரையின் ஓரத்தில் பயன்படக் காத்திருக்கின்றது.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றைத் தொகுத்துக் கூறின், பட்டியல் வடிவத்தைத் தெரிவதற்கு வரலாறு நான்கு வினாக்களை முன்வைக்கின்றது. பொருள் சொல்லால் அறியப்படுவதா, உருவால் அறியப்படுவதா? சொல்லாலாயின் ஒற்றை நிரலும், உருவாலாயின் கட்டமும் ஏற்றன. படிப்பவர் ஒன்றைத் தேடுகிறாரா, பலவற்றை ஒப்பிடுகிறாரா? தேடுபவருக்கு ஒழுங்கும் சுட்டும், ஒப்பிடுபவருக்கு இணை நிரல்களும் வேண்டும். வரிசை பொருளுடையதா? ஆமெனின் அதனைக் குலைக்கும் வடிவம் விலக்கற்பாலது. பட்டியலுக்கு ஈறு உண்டா? உண்டெனின் அதைப் படிப்பவர் காணச் செய்தல் ஆக்குவோன் கடனாகும்.

இவ்வினாக்கள் ஊருக் நகர எழுத்தனும் அலெக்சாந்திரியப் புலவரும் சூடாமணி ஆசிரியரும் தத்தம் வழியில் எதிர்கொண்டவையே. அவர்கள் தம் மொழியையும் தம் வாசகரையும் அறிந்து விடைகண்டனர். நம் பல்கலைக்கழகங்களிற் கணனியியல் பயிலும் மாணவர் தமிழிலக்கணத்தையும், தமிழ் பயிலும் மாணவர் கணனியையும் தமக்குப் புறம்பான துறையாகக் கருதும் நிலை மாறுமாயின், பிறமொழிக்கென அளவெடுத்த கட்டத்தினுள் நம் பெயர்கள் வெட்டுண்டு நிற்கும் நிலையும் மாறும். தன் ஊரின் பெயரை முழுமையாய்ப் படித்துத் தொடும் உரிமை, பட்டியலைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.